புவனாவின் இடது முழங்கால்

வகுப்பறைக் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே யாரோ பெஞ்சை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். இடுக்கில் தலையை விட்டுப் பார்த்தேன். புவனா சிமென்ட் தரையில் உட்கார்ந்து இடது காலை நீட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு தைல பாட்டில். கையில் சுளுக்குக்குக் கட்டும் கிரேப் துணி, பாதி சுற்றியபடி.

மாநிலக் கபடிப் போட்டிக்கு வந்த பெண்கள் அணிகளை போட்டி நடந்த ஊரின் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஏழாம் வகுப்பு. கரும்பலகையில் ஒரு செம்பருத்திப் பூவின் படம், மகரந்தம், சூலகம் என்று அம்புக்குறிகளோடு அழிக்காமல் இருந்தது. காலை எட்டு மணி இருக்கும். இன்னும் ஒரு மணி நேரத்தில் அரையிறுதி.

"பெஞ்சைத் தள்ளிக்கினு உள்ள வா. வந்து கதவைச் சாத்து," என்றாள் புவனா.

சாத்தினேன். அப்போதுதான் அவள் காலை முழுதாகப் பார்த்தேன். முழங்கால் என்று தனியாக எதுவும் தெரியவில்லை. தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரே வழவழப்பாக, சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"ரெண்டு சுத்து நானே சுத்திப் பாத்தேன். இறுக்க வரல. நீ இறுக்கிக் கட்டுடி, கீதா."

நான் மண்டி போட்டு உட்கார்ந்தேன். துணியை வாங்கிக் கட்டினேன். அன்று வரை பட்டுக் கடையில் புடவைகளை விரித்து விரித்து மடித்த கை என்னுடையது. ஒரு சுருக்கம் இல்லாமல் கட்ட வந்தது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு கட்டின் மேல் முழங்கால் உறையை ஏற்றி, அதற்கு மேல் பேண்ட்டைப் போட்டு மறைத்தாள்.

"யாராண்டயும் சொல்லாத," என்றாள்.

தலையை ஆட்டினேன். "இந்தக் காலோடு எப்படி ஆடப் போகிறாய்?" என்று நான் கேட்கவில்லை.

ஒரு வாசகியின் கடிதம்

இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் கபடி ஆடிய கதை தலைகாட்டியதிலிருந்து எனக்குக் கடிதங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று ஒரு பள்ளி மாணவியின் அம்மா எழுதியது. மகள் பள்ளிக்கூடத்துக் கபடி அணியில் இருக்கிறாளாம். 'வெற்றி பெறும் அணிக்குத் தேவையான குணங்கள்' என்று மேடையில் பேச வேண்டுமாம். நாலு வரி எழுதித் தரச் சொல்லியிருந்தார்.

உட்கார்ந்து எழுதினேன். ஒற்றுமை என்று எழுதினேன். உழைப்பு என்று எழுதினேன். இரண்டும் எங்கள் அணியில் இருந்தன, பொய்யில்லை. மூன்றாவதாக என்ன என்று யோசித்தபோது பேனா நின்றுவிட்டது. அந்த ஏழாம் வகுப்பு அறைதான் கண்முன் வந்தது.

அதனால் அந்த அம்மாவுக்கு நாலு வரி போகவில்லை. பதிலாக இந்த வாரத் தொடர் முழுவதும் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஐந்தரை மணி அணி

காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கம் வீடு கட்டாமல் கிடந்த மனைகள்தான் எங்கள் மைதானம். கல் பொறுக்கி, முள் வெட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டு நாங்களே உண்டாக்கியது. பயிற்சியாளர் யாரும் கிடையாது. காலை ஐந்தரைக்கு வர வேண்டும், ஏழு மணிக்குக் கலைந்துவிட வேண்டும். ஏனென்றால் ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும்.

கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவள் ரெஜினா. செல்போன் தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசமாட்டாள். சரளா கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கூடவே ஒரு தோழியையும் மாற்று ஆட்டக்காரியாக அழைத்து வந்தாள். செவிலிமேட்டிலேயே இருந்த அக்கா தங்கை இருவர்; எங்களுக்கு அவர்கள் பெயரே அக்கா, தங்கைதான். நான். எங்களுக்கெல்லாம் கேப்டன் தனலட்சுமி.

தனலட்சுமிக்கு எங்களைவிட நாலைந்து வயது கூடுதல். பக்கத்து ஓரிக்கையில் கீரையும் கத்தரியும் போட்ட வீட்டுப் பெண். கல்யாணமாகி ஒரு குழந்தை இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அவள் தனக்கா. விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, காலில் சேறு காயாமல் சைக்கிளில் வந்து இறங்குவாள்.

புவனா மட்டும் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வருவாள். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் இவள். அந்த நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. ஓடியே வந்துவிடுவாள். ஊரின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி. திருவிழா நாட்களில் தேர் போகும் தெருக்களை அடைத்துவிடுவார்கள். அப்போது சுற்றிக்கொண்டு ஓடி வருவாள். எங்களில் ஒருநாள்கூடத் தாமதமாக வராத ஒரே ஆள் அவள்தான்.

பாடிப் போவதில், அதாவது ரெய்டில், அவளை மிஞ்ச ஆள் இல்லை. எதிரணி எல்லைக்குள் நுழைந்ததும் உடம்பு சின்னதாகிவிடும். கையை நீட்டியதே தெரியாது. தொட்டுவிட்டுத் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்.

இத்தனை இருந்தும் முதல் வருடம் போன இடத்தில் எல்லாம் தோற்றோம்.

மூஞ்சிக்கு நேராக

தோற்றுவிட்டுத் திரும்பும் பஸ்ஸில்தான் பேச்சு நடக்கும். முன் சீட்டில் இருப்பவளைப் பற்றிப் பின் சீட்டில் இருவர். சரளா புள்ளிக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொள்கிறாள் என்று ரெஜினாவிடம் நான் சொல்வேன். கீதாவுக்குக் காலைப் பிடிக்கவே தெரியவில்லை என்று சரளா அக்கா தங்கையிடம் சொல்வாள். எல்லாம் எல்லோர் காதுக்கும் வந்துவிடும். யாருக்கும் யார் சொன்னது என்று தெரியாது.

ஒருநாள் பயிற்சி முடிந்ததும் தனக்கா எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தாள்.

"இனிமே பஸ்ஸுல பேச்சு வாணாம். இங்க பேசலாம். தினம் ஆளுக்கு ஒண்ணு. எவ மேல குறையோ அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். கேக்கறவ வாயத் தொறக்கக் கூடாது. வீட்டுக்குப் போய் அழுதுக்கலாம்."

முதல் நாள் யாரும் பேசவில்லை. பிறகு தனக்காவே ஆரம்பித்தாள். "கீதா, நீ பயந்து பயந்து பாயற. பாயற நேரம் வரும்போது கண்ண மூடிக்கிற."

உண்மை. வீட்டுக்குப் போய் அழுதேன்.

மறுநாள் நான் தனக்காவைப் பார்த்துச் சொன்னேன். "தனக்கா, தோத்துக்கினு இருக்கும்போது நீ கத்தற கத்துல எங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அப்படித்தான் அணி ஆனோம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஒருத்தி குறையை ஒருத்தி சொல்வது பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. யாருக்கும் வருத்தம் கிடையாது. வேறு அணிப் பெண்கள் கேட்டால் பெருமையாகச் சொல்வோம், எங்களுக்குள் ஒளிவு மறைவே கிடையாது என்று.

ரெஜினாவின் கை

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வலது மூலை ஆட்டக்காரி. எனக்குப் பக்கத்தில் ரெஜினா. எதிரணிப் பெண் பாடி வரும்போது நாங்கள் இருவரும் கை கோத்து நிற்போம். சங்கிலி என்பார்கள்.

அவள் விரல் நுனி எப்போதும் சில்லென்று இருக்கும். நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் கையுறை போட்டு வேலை பார்த்ததாலோ என்னவோ. நான் எப்போது பாய வேண்டும் என்பதை அந்தக் கைதான் சொல்லும். ஒரு சின்ன அழுத்தம். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது எனக்கு. அந்த வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து பிடித்தவர்கள் தப்பிப் போனது குறைவு.

மாவட்டத்தில் ஜெயித்தோம். கோப்பையை ஒரு ஆட்டோவில் வைத்து, நாங்கள் எட்டுப் பேரும் அதே ஆட்டோவில் ஏறி, செவிலிமேடு வரை கத்திக்கொண்டே வந்தோம். அடுத்தது மாநிலப் போட்டி.

சுள்ளி ஒடிந்த சத்தம்

அந்தப் போட்டிக்கு வேறொரு மதிப்பும் இருந்தது. மாநிலப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் கிடைக்கும் சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறை வேலைக்கு உதவும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அந்த வருடம் ஆள் எடுக்கிறார்கள் என்றும் பேச்சு.

தனக்காவுக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டிருந்தது. அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. ரெஜினாவுக்குக் கம்பெனியில் ஒப்பந்தம் முடியப் போகிறது. எனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வேலை வந்தால் என் பேச்சுக்கு ஒரு மரியாதை வரும். புவனாவுக்குக் காக்கி உடுப்பு என்றால் சின்ன வயதிலிருந்தே பித்து. போக்குவரத்துப் போலீஸ்காரம்மாவைப் பார்த்தால் நின்று வேடிக்கை பார்ப்பாள்.

மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பயிற்சியில் புவனா திரும்பும் வேகத்தில் கால் மண்ணில் புதைந்தது. ஒரு சத்தம். சுள்ளி ஒடிவது போல. பக்கத்தில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவள் உட்கார்ந்தாள். எழுந்தாள். சிரித்தாள். "ஒண்ணும் இல்லடி. மரத்துப் போச்சு," என்றாள்.

மறுநாளும் ஐந்தரைக்கு வந்தாள். ஆனால் ஓடி வரவில்லை. யாருடைய வண்டியிலோ பின்னால் உட்கார்ந்து வந்தாள். அப்பா கொண்டு வந்து விட்டார் என்றாள். அன்று வட்டத்தில் உட்கார்ந்தபோது காலை மடக்காமல் நீட்டி உட்கார்ந்தாள். தனக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒன்று சொன்னோம். சரளா ஓரக்கோட்டை மிதிக்கிறாள், தங்கை தூங்கி வழிகிறாள், கீதா இன்னும் அரை நொடி முன்னால் பாயலாம்.

புவனாவின் காலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி ரெய்டு

இனி அந்த அரையிறுதிக்கு வருகிறேன்.

வகுப்பறையிலிருந்து நானும் புவனாவும் ஒன்றாகத்தான் இறங்கினோம். அவள் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினாள். நான் முன்னால் நடந்தேன், யாராவது பார்த்தால் மறைக்கிற மாதிரி.

எதிரே தெற்கத்திப் பெண்கள். நல்ல உயரம். முதல் பாதியில் நாங்கள் முன்னிலை. புவனா அதிகம் போகவில்லை; சரளாதான் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியில் அவர்கள் எங்களை ஒவ்வொருவராக வெளியேற்றினார்கள். ரெஜினா வெளியே போனாள். அவளோடு கோத்திருந்த என் இடது கை வெறுமையாகத் தொங்கியது.

கடைசி நிமிடம். இரண்டு பக்கமும் புள்ளி சமம். களத்தில் நாங்கள் நாலு பேர்: தனக்கா, சரளா, புவனா, நான். எங்கள் முறை. முந்தின இரண்டு ரெய்டிலும் வெறுங்கையோடு திரும்பியிருந்ததால் இந்த முறை தொட்டுவிட்டுத்தான் வர வேண்டும். தொடாமல் திரும்பினால் போனவள் அவுட், புள்ளி அவர்களுக்கு. அதோடு ஆட்டம் முடிந்தது. சான்றிதழும் போனது.

யார் போவது என்பதைக் கேப்டன்தான் சொல்ல வேண்டும்.

தனக்கா சரளாவைப் பார்த்தாள். சரளா குனிந்து ஷூ கயிற்றைச் சரி செய்தாள். தனக்கா என்னைப் பார்த்தாள். நான் கோட்டைப் பார்த்தேன். பிறகு அவள் புவனாவைப் பார்த்தாள்.

"புவனா, போ."

புவனா போனாள். "கபடி கபடி" என்று அவள் குரல் அன்றைக்கு வழக்கத்தைவிடச் சின்னதாகக் கேட்டது. இடது காலைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தாள். எதிரணிப் பெண்களுக்கு அது ஏமாற்றுவித்தை மாதிரி தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தி ஓரடி முன்னால் வந்தாள். அந்த ஓரடி போதும். புவனாவின் விரல் அவள் தோளைத் தொட்டது.

திரும்பினாள். அதற்குள் மூலையில் நின்ற பெண் பாய்ந்து அவள் இடது காலைக் கட்டிப் பிடித்துவிட்டாள். புவனா விழவில்லை. அந்தப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள். முழங்கால் போகக் கூடாத பக்கம் போனதை நான் பார்த்தேன். அப்படியே முன்னால் சாய்ந்து கையை நீட்டினாள். நடுக்கோட்டின் மேல் அவள் நடுவிரல்.

விசில். தொட்டவள் ஒருத்தி, பிடித்தவள் ஒருத்தி என்று இரண்டு புள்ளி. ஆட்டம் முடிந்தது.

நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். சரளா குதித்தாள். தனக்கா மண்ணை வாரி மேலே எறிந்தாள். புவனா மேல் விழுந்து கட்டிக்கொண்ட பிறகுதான் அவள் கத்துவது எங்கள் கத்தல் இல்லை என்று தெரிந்தது.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நான் போட்ட கட்டைக் கத்தரியால் வெட்டினார். வெட்டிவிட்டு முழங்காலை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"இது இன்னைக்குப் பட்ட அடி மட்டும் இல்லை. முன்னாடியே அறுந்திருக்கு. இந்தக் காலோட இவங்களை யார் விளையாட விட்டது?"

நாங்கள் ஏழு பேரும் தரையைப் பார்த்தோம்.

மறுநாள் இறுதிப் போட்டியில் புவனா இல்லாமல் ஆடித் தோற்றோம். இரண்டாம் இடம். சான்றிதழ் கிடைத்தது. அதை வாங்கும்போது எடுத்த போட்டோவில் ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை.

வட்டம்

ஊருக்குத் திரும்பி மூன்றாம் நாள் மைதானத்துக்குப் போனோம். யாரும் கூப்பிடவில்லை, புவனாவைத் தவிர எல்லோரும் வந்திருந்தோம். ஆடவில்லை. பழக்கத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். தனக்கா ஆரம்பிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ரெஜினாதான் பேசினாள். நாங்கள் கேட்டு அவள் பேசியதே குறைவு. அன்று கேட்காமலே பேசினாள்.

"எனக்குத் தெரியும். அவ பையில வலி மாத்திரை இருந்துச்சு. ஒரு அட்டை இல்ல, நாலு அட்டை. மூணு காலி."

பிறகு சகோதரிகளில் அக்கா சொன்னாள், பஸ்ஸிலிருந்து அவள் பின்னோக்கிக் கால் வைத்து இறங்கியதைப் பார்த்ததாக. தங்கை சொன்னாள், ராத்திரி அவள் தூங்கவே இல்லை, பக்கத்தில் படுத்திருந்த தனக்குத் தெரியும் என்று. சரளாவின் தோழியும் பார்த்திருந்தாள்.

சரளா அழுதுகொண்டே சொன்னாள். "கடைசி ரெய்டு நான் போறேன்னு கை தூக்கியிருக்கலாம். தூக்கல. மாட்டிக்கினா என்னாலதான் வேலை போச்சுன்னு சொல்லுவீங்களேன்னு பயந்துட்டேன்."

நான் சொன்னேன். "காலையில கட்டுப் போட்டு விட்டதே நான்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. கோபம் இல்லை.

கடைசியாகத் தனக்கா. "அன்னிக்கே தெரியும்டி எனக்கு. அடிபட்ட அன்னிக்கே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. போனா படுக்க வெச்சிடுவாங்க, அவ இல்லாம ஜெயிக்க முடியாது. எனக்கு வயசு முடிஞ்சிடும்னு கணக்குப் போட்டேன்." முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "மூஞ்சிக்கு நேரா சொல்லுங்கன்னு உங்களுக்கெல்லாம் பெருசா சொல்லிக் குடுத்தேன் பாரு."

ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஏழு பேருக்கும் தெரிந்திருந்தது. கால் அரை நொடி தாமதமாக நகர்ந்ததை முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரிந்த நாங்கள், ஒருத்தி கால் போகப் போகிறது என்பதைச் சொல்லவில்லை. சின்னக் குறைகளைச் சொல்லிச் சொல்லியே நேர்மையான அணி என்று நம்பிவிட்டோம் போலிருக்கிறது.

பைகள்

சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. முறை வைத்துக்கொண்டு கூட இருந்தோம். ரெஜினா வேலையை விட்டுவிட்டே போய் இருந்தாள். ஆனால் வட்டத்தில் பேசியதை நான் புவனாவிடம் சொல்லவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. கால் நேராவதற்கே மாதங்கள் ஆயின. தறியில் உட்கார்ந்து மிதிக்க முடியவில்லை.

வேலைக்கான உடல்தகுதித் தேர்வுக்கு எங்களில் ஐந்து பேருக்கு அழைப்பு வந்தது. புவனாவுக்கும் வந்தது. அவளால் ஓட முடியாது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் எங்களோடு பஸ் ஏறினாள், கைத்தடியோடு.

"நீ எதுக்குடி வர?" என்றாள் தனக்கா.

"பையெல்லாம் பாத்துக்க ஒரு ஆளு வேணாமா?"

அன்று வேப்பமர நிழலில் எங்கள் பைகளை மடியிலும் இருபுறமும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த மரத்தைக் கடக்க வேண்டியிருந்தது. "முழங்காலைத் தூக்கு, கீதா! தூக்கி ஓடு!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் ஓடினேன்.

தனக்காவுக்கும் ரெஜினாவுக்கும் எனக்கும் வேலை கிடைத்தது.

இரண்டு வருடம்

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பயிற்சிக்குப் போனேன். வெளியூரில் பணி. ஊருக்கு வந்தாலும் புவனா வீட்டுத் தெரு வழியாகப் போகமாட்டேன். போன் செய்தால் எடுப்பேன், டூட்டி என்று சொல்லி வைத்துவிடுவேன். பிறகு அவளும் குறைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளூரிலேயே கல்யாணமாகி, காஞ்சிபுரத்துக்கே மாற்றலாகி வந்த பிறகும் அப்படித்தான்.

ஒரு திருவிழாவில் பெரிய காஞ்சிபுரத்தில் எனக்குப் போக்குவரத்துப் பணி. வெயில். காமாட்சியம்மன் கோயில் பக்கம் வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்கூட்டி வந்து என் எதிரிலேயே நின்றது.

"இன்னா போலீஸு, கண்டும் காணாத மாதிரி நிக்கற?"

புவனா. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கழுத்தில் ஏதோ அடையாள அட்டை.

"வண்டிய எடும்மா, ட்ராஃபிக் ஆவுது," என்றேன்.

"எடுக்கறேன். டூட்டி முடிஞ்சதும் வா. அந்த மஞ்சள் கட்டடம், மாடி," என்று கை காட்டிவிட்டுப் போனாள்.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் போய்விட்டது.

மாடியில் நாலைந்து கம்ப்யூட்டர்கள். பட்டுப்புடவைக்கு பார்டர் வரையும் இடம். திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு இழை. அவள் மௌஸை நகர்த்த நகர்த்தக் கட்டங்கள் நிறம் மாறின. காலைத் தொங்கவிடாமல் ஒரு ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தாள்.

"இத பாரு. அன்னம்டி இது. வாத்து மாதிரி இருக்குதுன்றாரு மொதலாளி. காலையிலேந்து கழுத்த நீட்டிக்கினு கிடக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்று. வட்டத்தில் பேசியதை எல்லாம். நான் கட்டிய கட்டைப் பற்றி. என் உடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நினைவு வருவதைப் பற்றி.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெஜினா ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டா," என்றாள். "தனக்கா வந்து கால்ல விழுந்துச்சு. வயசுல பெரியவ, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீதான் கடைசி."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நான் ஆடினது என் இஷ்டம்டி. எனக்கும் அந்த வேலை வேணும். நீங்க கேட்டிருந்தாலும், வலிக்கல, ஆடறேன்னுதான் சொல்லியிருப்பேன். பொய் சொல்லிட்டுப் போய் ஆடியிருப்பேன்." மௌஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஆனா ஏழு பேர்ல ஒருத்தியாவது கேட்டிருக்கணும் இல்ல? முடியலன்னா வாணாம்டி, வேலை போனா போவட்டும்னு ஒரு வார்த்தை. அதக் கேட்டுக்கினு நான் போயிருந்தா, காலு போனாலும் அது வேற மாதிரி."

"தப்புதான்," என்றேன்.

"கால விடு. அது எப்பவோ ஆறிப் போச்சு. நீ ரெண்டு வருஷம் இந்தப் பக்கம் வராம இருந்த பாரு, அதுக்குத்தான் உன்ன நாலு சாத்து சாத்தணும்னு இருக்குது."

சாத்தவில்லை. டீ சொன்னாள். அன்னத்தின் கழுத்தை இன்னும் ஒரு கட்டம் வளைத்தால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். வளைத்துப் பார்த்தாள். இன்னும் வாத்தாகிவிட்டது. இருவரும் சிரித்தோம். அதன் பிறகு நான் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனதில்லை.

போன மாதம்

இப்போது எங்கள் பிரிவின் பெண்கள் அணிக்கு நான் கேப்டன். போன மாதம் ஒரு போட்டி. ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் முதல் ரெய்டர் தண்ணீர் பாட்டிலை இடது கையால் திறந்தாள். அவள் வலது கைக்காரி.

தனியாகக் கூப்பிட்டேன். "தோள்ல என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா."

"சரி. ஒண்ணும் இல்லன்னே இருக்கட்டும். ஆனா எதுனா இருந்துச்சுன்னா இன்னிக்கு ஆட வேணாம். தோத்தா தோக்கறோம். யாரும் உன்ன ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. நான் சொல்ல விடமாட்டேன்."

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. நாலு நாளாகக் கையைத் தூக்க முடியவில்லையாம். சீருடையைக்கூட வீட்டில் அவள் தங்கைதான் மாட்டி விட்டாளாம்.

அவளை வெளியே உட்கார வைத்து, புதிதாக வந்த ஒரு பெண்ணை இறக்கினோம். நன்றாகவே தோற்றோம். வேனில் திரும்பும்போது அந்த ரெய்டர் பெண் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். எனக்கு மனசு நிறைந்து இருந்தது. புவனாவுக்குப் போன் செய்து நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவள் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டாள். எனக்கு லேசாகப் பெருமைகூட வந்துவிட்டது.

"நல்லா செஞ்ச," என்றாள். பிறகு, "எத்தினி புள்ளில தோத்தீங்க?"

"பத்தொம்போது."

"பத்தொம்போதா? ஒரு ரெய்டர உக்கார வெச்சா இப்பிடியா அடி வாங்கிக்கினு வருவீங்க? மூலையில யார நிக்க வெச்ச? ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் செவிலிமேட்டுக்கு இட்டுக்கினு வா, நான் பாக்கறேன்."